ரிசல்ட் வந்துருச்சுங்களா?

நீட் எழுதியது மகள். தூக்கம் போனது எனக்கு. அவள் ஃபேனுக்கு அடியில் நிம்மதியாகக் குறட்டை விடுகிறாள்.

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் இருப்பதில் ஒரு கூடுதல் தண்டனை உண்டு. ஒரே கேள்விக்கு இரண்டு மொழியில் பதில் சொல்ல வேண்டும். காலையில் பால் வாங்கப் போனால் பக்கத்து வீட்டுச் சேச்சி, "ரிசல்ட் வந்நோ?" வீட்டுக்குள் நுழைந்ததும் பொள்ளாச்சியிலிருந்து பெரியப்பா போனில், "ரிசல்ட் வந்துருச்சுங்களா மாப்பிள்ளை?" வந்தால் சொல்ல மாட்டேனா?

தேதி சொன்னார்களே, அதுவரை பொறுங்கள் என்பார்கள். எப்படிப் பொறுப்பது? 2024இல் ஜூன் 14 என்று சொல்லிவிட்டு, ஜூன் 4 அன்றே வெளியிட்டார்கள். நாடே தேர்தல் வாக்கு எண்ணிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாள்! அந்தக் கதை தெரிந்ததிலிருந்து, தூங்கி எழுந்ததும் கை போனுக்குத்தான் போகிறது. விண்ணப்ப எண் மனப்பாடம். என் வண்டி நம்பர் மறந்துவிட்டது.

விடைக்குறிப்பு வந்தபோது அது இன்னொரு கூத்து. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழி, மொத்தம் 180 கேள்வி. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று முறை கூட்டினேன். 532, 527, 541. சரி, 541ஐ வைத்துக்கொள்வோம் என்றேன். மனைவி முறைத்தாள். ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கேள்விக்கு 200 ரூபாயாம், திரும்ப வராது.

இதோ, மறுபடியும் போன். பெரியப்பாதான்.