டைனமோவில் ஓடும் றோபோ

"தம்பி, கார்ட்டூனோ செய்யிறாய்?" என்று கிளிநொச்சிப் பக்கம் பரந்தன் சந்திக் கடையில் ஒரு ஐயா கேட்டார். ஓம் என்றேன். "எங்கட கதையைச் சொல்லாமல் உதென்ன விளையாட்டு?" என்றார். நக்கலாகக் கேட்கவில்லை, மனுசன் உண்மையாகவே கவலைப்பட்டார். பிளேன்ரீ முடியும் வரைக்கும் எனக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து செய்வது 11 நிமிட அனிமேசன் படம். விஞ்ஞானப் புனைவு. இரணைமடுக் குளம் வற்றிப்போன ஒரு காலம். கண்ணிவெடி அகற்றச் செய்த றோபோ ஒன்று, வேலை முடிந்து எத்தனையோ வருடம் ஆன பிறகும், நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் மண்ணைக் கிண்டிக்கொண்டே திரிகிறது. வெடி ஒன்றும் அகப்படுவதில்லை. கரண்டி, மூக்குக்கண்ணாடி, பொலித்தீன் பைக்குள் சுற்றிக் கட்டிய காணி உறுதி, இப்படித்தான் கிடைக்கிறது. ஒரு சிறுமி அவற்றை உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். ஐயா, இதில் எங்கட கதை எங்கே இல்லை?

எங்கள் குழுவில் படம் கீறும் பெடியன் முதலில் கொண்டுவந்த காட்சிகளைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கண்ணாடிக் கோபுரங்கள், நீல வெளிச்சம், ஏ9 வீதிக்கு மேலே பறக்கும் கார்கள். அழகாகத்தான் கீறியிருந்தான். ஆனால் அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. அவனிடம் போர் நேரத்தில் அரசாங்கம் எங்கட பக்கத்துக்குச் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலத்தைச் சொன்னேன். அவன் 2003இல் பிறந்தவன், கேள்விப்பட்டதோடு சரி.

1990க்குப் பிறகு எங்களுக்குக் கறண்ட் இல்லை, பற்றரி வரவிடவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவுக்கு உயிர் கொடுத்துத்தான் செய்தி கேட்டோம். சுற்றுவது என் வேலை. கை உளைந்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கிவிடும், அப்பா முறைப்பார். மோட்டார் சைக்கிள் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெயில் இரவு முழுக்க விளக்கெரித்துப் படித்தோம். உலகம் அறுந்துபோன ஓர் ஊரில், கையில் இருந்த கழிவுப் பொருளால் இயந்திரம் செய்து வாழ்ந்த சனம் நாங்கள். வெளிநாட்டுக்காரர் கற்பனை செய்து படமெடுக்கும் காலத்தில் நாங்கள் குடியிருந்துவிட்டு வந்திருக்கிறோம், பிறகெதற்குக் கண்ணாடிக் கோபுரம்?

அதன்பிறகு பெடியன் கீறிய றோபோவுக்கு லான்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரத்தின் கைப்பிடி, கூரைத் தகரத்தில் முதுகு, நெஞ்சில் ஒரு டைனமோ. சிறுமி சுற்றினால்தான் அது நடக்கும். பின்னணியில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இருக்கிறது. குளோரினும் கோஸ்ரிக் சோடாவும் செய்த இடம், எங்கள் காலத்தில் இடிபாடாய்த்தான் பார்த்தோம். படத்தில் அது ஓடுகிறது. கமெராவைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இடிபாடுதான் கிடைத்திருக்கும்.

சரி, செலவுக்கு வருவோம். "அனிமேசன் செய்யிற பிளெண்டர் மென்பொருள் இலவசம்தானே, லாத்வியாக்காரர் அதில் செய்த 'ஃபுளோ' படம் 2025இல் ஒஸ்கார் எடுத்ததே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடுத்ததுதான், எனக்கும் பெரிய சந்தோசம். ஆனால் அந்தப் படத்தின் செலவு ஏறத்தாழ 35 இலட்சம் யூரோ. பிளெண்டரே 2002இல் பாவனையாளர்கள் ஒரு இலட்சம் யூரோ சேர்த்துக் கொடுத்த பிறகுதான் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. மென்பொருள் இலவசமாக வந்தாலும், அதற்கு முன்னால் இருந்து வேலை செய்கிறவனுக்குப் பசிக்கும்.

கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 24 சட்டகம், அதாவது 24 தனிப் படம், 11 நிமிடத்துக்கு 15,840. எங்கள் கணினியில் ஒரு சட்டகம் ரெண்டர் ஆக, அதாவது கணினி அதை முழுப் படமாக்கி முடிக்க, 4 நிமிடம் என்றால், இடைவிடாமல் ஓடினாலும் 44 நாள். கிளிநொச்சியில் எது இடைவிடாமல் ஓடுகிறது? முதல் தடவை முழுக் காட்சியையும் நேரே வீடியோவாக ரெண்டர் போட்டுவிட்டு நித்திரைக்குப் போனேன். விடியப்புறம் கறண்ட் போய், கோப்பு திறக்கவே இல்லை. என் மடத்தனம்தான். ஒவ்வொரு சட்டகத்தையும் தனிப் படமாகச் சேமித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதையாவது கேளுங்கள். அப்புறம், ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தி விநாடிக்கு 12 ஆக்கினோம். வேலை பாதியானது. தகர றோபோ அப்படித் தெறித்துத் தெறித்து நடப்பதுதான் பொருத்தமாகவும் இருக்கிறது.

குரல் விசயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிறுமி "உது ஆற்ற கரண்டி?" என்றுதான் கேட்பாள். பொதுத் தமிழில் பேசினால் எல்லோருக்கும் விளங்கும் என்று ஒருவர் அறிவுரை சொன்னார். றோபோ வேண்டுமானால் பொதுத் தமிழ் பேசட்டும், அதற்கு ஊர் கிடையாது.

இப்போது ஒரு உதவி. கைவசம் இருக்கும் ஒலிகள் எல்லாம் புதுச் சைக்கிளின் ஒலிகள், கேட்டவுடனே பொய் தெரிகிறது. ரயரில் உராய்ந்து ஓடும் பழைய போத்தல் டைனமோ யாரிடமாவது வேலை செய்யும் நிலையில் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். மாங்குளம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு, எங்கென்றாலும் ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறேன். சுற்றுவதற்கு ஆள் தேவையில்லை, அந்த வேலை எனக்குத் தெரியும்.