சோலார் மட்டும் போதாது அண்ணே
"மதுரையில ஐஸ்கிரீம் ஃப்ரீசர், மீன் கிடங்கு எல்லாம் சோலார்ல ஓடுனா பூமியைச் சூடாக்குற வாயுப் பிரச்சனை தீர்ந்துது"ன்னு மேலே எழுதியிருக்கீங்க. பாதிதான் சரி. கரண்ட்டை விடுங்க, ஃப்ரீசர் குழாய்க்குள்ள ஓடிக் குளிர வைக்கிற கேஸ்? அதுல ஒண்ணான ஆர்-404ஏ ஒரு கிலோ கசிஞ்சா, நூறு வருசத்துல பூமியைச் சூடாக்குற கணக்குல ஏறக்குறைய 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஓசோனைக் கெடுக்காதுங்கிறதால "நல்ல கேஸ்"னு பேரு! ஜிகர்தண்டாக் கடைக்கு மெக்கானிக் வரும்போது பாருங்க: குழாய் இணைப்பு நட்டுல எண்ணெய்ப் பிசுக்கு படிஞ்சிருக்கும், அதான் கசிவுக்கு அடையாளம். துடைச்சுட்டு கேஸை மட்டும் ஏத்திட்டுப் போயிடுவார் (சோப்புத் தண்ணி தடவிப் பார்க்க நேரமில்லையாம்).

கிகாலி திருத்தப்படி (இந்த மாதிரி கேஸைக் குறைக்க நாடுகள் போட்ட ஒப்பந்தம்) இந்தியா இந்த வகை கேஸை 2032-லருந்துதான் குறைக்கத் தொடங்கணும். 85 சதவீதக் குறைப்புக்கு 2047 வரை அவகாசம். இப்ப வாங்குற பெட்டி அதுக்குள்ள எத்தனை தடவை கேஸ் ஏத்தும்? பூமியை அவ்வளவாச் சூடாக்காத ஆர்-290 (புரொப்பேன்) கேஸ்ல ஓடுற ஃப்ரீசர் இப்பவே கிடைக்குது. பெரிய கிடங்குக்கு அதே மாதிரி அமோனியா இருக்கு.