மற்ற ஒன்பது பேர் எங்கே?

"செய்ததெல்லாம் போதும், இனிமேல் யாருக்கும் எதுவும் செய்யமாட்டேன்" என்று சபையில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஓடி ஓடிச் செய்தவர்கள்தான். கஞ்சனுக்கு அந்த வாக்கியம் தேவைப்படாது. அவர்களிடம் போய் "நன்றியை எதிர்பார்க்காதீங்க பிரதர்" என்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலை. வேண்டாம் என்றவுடன் எதிர்பார்ப்பு போய்விடுமா? நாம் உதவி செய்கிற விதத்திலேயே அது ஒட்டிக்கொண்டு வருகிறது. மாற்ற வேண்டியது அந்த விதத்தை.

"நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக; நாம் தளர்ந்துபோகாதிருந்தால் ஏற்றகாலத்தில் அறுப்போம்" என்கிற கலாத்தியர் 6:9 எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அதில் "சோர்ந்துபோகாமல்", "தளர்ந்துபோகாதிருந்தால்" என்று இரண்டு சொல் இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? கிரேக்க மூலத்திலும் இரண்டும் வேறு வேறு. முதலாவது மனம் விட்டுப்போவது. இரண்டாவது பலமிழந்து தொய்ந்துபோவது. மூன்று நாள் தம்மோடே இருந்து சாப்பிட ஒன்றுமில்லாத ஜனங்கள் வழியில் விழுந்துவிடுவார்களே என்று மத்தேயு 15:32-ல் இயேசு கவலைப்படும்போது வருவதும் இதே சொல். நன்றிகெட்ட மனிதர்களால் வந்தது என்று நாம் நினைக்கிற கசப்பில் ஒரு பங்கு, சரியாகத் தூங்காததால் வந்தது. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடை, தண்ணீர், தூக்கம், மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் பிறகுதான்.

லூக்கா 17-ல் இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளுக்கு வருவோம். நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன்தான். திரும்பி வராத ஒன்பது பேரைத் திட்டுவது சுலபம். அவர்களுக்கு முன்னால் என்ன கிடந்தது என்று, சுகமான குஷ்டரோகி செய்ய வேண்டிய சடங்குகளைச் சொல்லும் லேவியராகமம் 14-ஐத் திறந்து பாருங்கள். ஆசாரியன் பார்க்க வேண்டும். இரண்டு குருவிகள், கேதுருக்கட்டை, சிவப்பு நூல், ஈசோப்பு. முடி சிரைத்து, துணி தோய்த்து, ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியே இருக்க வேண்டும். எட்டாம் நாள் ஆட்டுக்குட்டிகள், மெல்லிய மா, எண்ணெய். ஆசாரியரிடம் போய்க் காட்டுங்கள் என்று அனுப்பியதும் இயேசுதான். இழந்த வாழ்க்கை கைக்கு வரும்போது மனிதன் அதன் பின்னால்தான் ஓடுகிறான். இன்றைக்கும் அப்படித்தான். வேலை கிடைத்தவர் போன் எடுக்கவில்லையென்றால் அது திமிராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. நம் முகத்தைப் பார்த்தாலே பழைய அவமானம் அவருக்கு ஞாபகம் வரலாம். இயேசு "மற்ற ஒன்பதுபேர் எங்கே" என்று கேட்டார். ஆகவே வலிக்கிறது என்று சொல்வதில் பாவமில்லை. கொடுத்த சுகத்தை மட்டும் அவர் திரும்ப எடுக்கவில்லை.

இனி பணம். பெரும்பாலான கசப்பு இங்கேதான் முளைக்கிறது. "இருக்கும்போது கொடுங்க" என்று சொல்லிக் கொடுப்பதைப் போல ஆபத்து வேறில்லை. வாங்கியவர் அதை உதவி என்று எடுத்துக்கொள்வார். நமக்கு அது கடன். ஆறு மாதம் கழித்து அவர் புது வண்டி வாங்கினால் நம் மனதில் கணக்குத் தணிக்கை ஆரம்பம். கொடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்: கடனா, கொடையா? கடன் என்றால் தொகையும் தேதியும் எழுத்தில் இருக்கட்டும். கொடை என்றால் "இதைத் திருப்பித் தர வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எதுவானாலும், திரும்பி வராவிட்டால் நம் வீட்டில் அடுப்பு அணையாத அளவுக்கு மேல் போகக்கூடாது. மாதாமாதம் செய்வதென்றால் முதல் நாளே "மூன்று மாதம், பிறகு உட்கார்ந்து பேசுவோம்" என்று எல்லை போடுங்கள். எல்லை இல்லாத உதவி சீக்கிரமே உரிமையாகிவிடும். நிறுத்துகிற அன்று நாம்தான் வில்லன்.

தனியாகவும் செய்யாதீர்கள். எருசலேமின் ஆதி சபையில் விதவைகளுக்குச் சாப்பாடு பரிமாறுவதில் முறுமுறுப்பு வந்தபோது அப்போஸ்தலர் ஏழு பேரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். சபை மூலமாகப் போகும் உதவியில் வாங்குகிறவர் ஒரு முகத்துக்குக் கடமைப்பட வேண்டியதில்லை, கொடுக்கிறவருக்கும் கணக்கு வைக்க ஒரு முகம் இல்லை. போட்டோ எடுத்துப் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மனுஷர் புகழத் தர்மம் செய்கிறவர்களைப் பற்றி மத்தேயு 6:2-ல் வரும் "பலனை அடைந்து தீர்ந்தது" என்பதற்கு உள்ள கிரேக்கச் சொல், அந்தக் காலத்து ரசீதுகளில் முழுப்பணமும் பெற்றாயிற்று என்று எழுதப் பயன்பட்டது. லைக் வந்தாயிற்று, கணக்கு முடிந்தது.

நன்றியின்மை வேறு, கேடு வேறு. இதைக் குழப்பினால் நாசம். 2 தெசலோனிக்கேயர் 3:13 நன்மை செய்வதில் "சோர்ந்துபோகாமலிருங்கள்" என்கிறது. மூன்று வசனம் முன்னால்தான் வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று இருக்கிறது. நாம் கொடுக்கும் பணம் குடிக்குப் போகிறது என்று தெரிந்தால் பணத்தை நிறுத்திவிட்டு, பிள்ளையின் கட்டணத்தைப் பள்ளியிலேயே கட்டலாம். கேகிலா என்ற ஊரை எதிரிகளான பெலிஸ்தரிடமிருந்து காப்பாற்றிய தாவீது, அதே ஊரார் தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவிடம் தன்னைப் பிடித்துக் கொடுப்பார்கள் என்று அறிந்ததும் ஏறக்குறைய அறுநூறு பேரோடு கிளம்பிவிட்டான். ஊரைப் பழிவாங்கவில்லை, அங்கே உட்கார்ந்து தியாகியாகவும் இல்லை.

அதே ஆள் மறுபடியும் வாசலில் வந்து நிற்கும் நாள்தான் கஷ்டமான நாள். முடியுமென்றால் எவ்வளவு, எதுவரை என்று சொல்லுங்கள். முடியாதென்றால் "இந்த முறை என்னால் முடியாது" போதும், காரணம்கூட வேண்டாம். "போன தடவை செய்ததுக்கே..." என்று ஆரம்பித்தால் பழைய கணக்கு நோட்டைத் திறந்தாயிற்று என்று அர்த்தம்.