சுவாஹிலிக்கு மேடை இருக்கிறது, வகுப்பறை எங்கே?

கிழக்கு ஆப்பிரிக்காவின் பொதுமொழி சுவாஹிலி. ஜூலை 7 உலக சுவாஹிலி மொழி நாள். 2021 நவம்பரில் யுனெஸ்கோ அறிவித்தது. ஆப்பிரிக்க மொழி ஒன்றுக்கு அந்த அமைப்பு தனி நாள் ஒதுக்கியது அதுவே முதல் தடவை. 2022 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியமும் சுவாஹிலியைத் தன் அலுவல் மொழிகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. இரண்டு செய்திகளும் எனக்கு உண்மையான மகிழ்ச்சியைத் தந்தன. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஆற்றப்படும் உரைகளைப் படிக்கும்போது மனம் நிறைவதில்லை. ஆப்பிரிக்கப் பண்பாட்டின் குரல் என்று சுவாஹிலியைப் போற்றுகிறார்கள். அந்தக் குரலை வளர்த்தவர்கள் யார், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எந்த மொழியில் படிக்கிறார்கள் என்ற பேச்சு மட்டும் அடங்கிப் போகிறது.

பாடகி சீதி பிந்தி சாத்தை எடுத்துக்கொள்வோம். இன்று தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவின் ஃபும்பா கிராமத்தில் 1880 வாக்கில் பிறந்தவர். அடிமைப்பட்டுக் கிடந்த குடும்பம். மண்பானைகளைச் சுமந்து நகரத்தில் விற்றுப் பிழைத்தார். அன்று தாராப் என்பது அரண்மனை இசை. சான்சிபாரை ஆண்ட சுல்தான் பர்காஷ் எகிப்திலிருந்து தருவித்தது, அரபு மொழியில் பாடப்பட்டது. அந்த இசையை ஊராரின் சுவாஹிலியில் பாடி, தெருவுக்கும் முற்றத்துக்கும் கொண்டுவந்தவர் இந்தப் பானைக்காரப் பெண். 1928இல் கடல் கடந்து பம்பாய்க்கு வந்து எச்.எம்.வி. நிறுவனத்துக்காகப் பாடினார். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து இசைத்தட்டில் ஏறிய முதல் குரல்களில் அவருடையது ஒன்று.

அவர் பாடியவை காதல் பாட்டுகள் மட்டுமல்ல. ஒரு பெண்ணைக் கொன்றவன் தப்பி ஓடிவிட, சாட்சி சொல்ல வந்த பெண்களே தண்டனைக்கு ஆளான ஒரு வழக்கைப் பற்றியும் பாடினார். காலனி ஆட்சியின் நீதிமன்றத்தில் ஏழைகளுக்கு நடந்ததை அந்த ஏழைகளின் மொழியிலேயே கேட்கவைத்தார். சுவாஹிலியின் மகத்தான கவிஞர் என்று கொண்டாடப்படும் ஷாபான் ராபர்ட் உட்கார்ந்து யாருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார் தெரியுமா? இந்தச் சீதியின் வரலாற்றைத்தான்.

கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் உடுத்தும் காங்கா துணியையும் சொல்ல வேண்டும். நீள்சதுரப் பருத்தித் துணி, நான்கு பக்கமும் கரை, நடுவில் சித்திர வேலை. கீழ்க்கரைக்குச் சற்று மேலே, ஒரே வரியில், பெரிய எழுத்தில் ஒரு சுவாஹிலி வாசகம். இரண்டு துண்டுகள் சேர்ந்த சோடியாக விற்பார்கள். வாங்கியவர் நடுவில் வெட்டி ஓரம் தைத்துக்கொள்வார். ஒன்று இடுப்புக்கு, இன்னொன்று தோளுக்கோ தலைக்கோ. வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசகம் பிடிக்காவிட்டால் வாங்காமல் போகும் பெண்கள் உண்டு. அண்டைவீட்டுக்காரியிடம் வாய்திறந்து சொல்ல முடியாததை, சக்களத்திக்குக் கொடுக்க வேண்டிய பதிலை, தாய்க்குச் சொல்ல வேண்டிய நன்றியை அந்த ஒரு வரி சொல்லிவிடும். 'விருந்தாளி இரண்டு நாள். மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு' என்கிறது அவர்களுடைய பழமொழி ஒன்று. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வீட்டுத் திண்ணை அந்நியமாகவே தெரியாது. பண்பாட்டு மரபு என்றால் அருங்காட்சியகத்தைத் தேடுகிறவர்கள், சந்தைக்குப் போகும் ஒரு பெண்ணின் முதுகைப் படித்தாலே போதும்.

இப்படிப்பட்ட மொழிதான் ஒரு தேசத்தைக் கட்டியது. தான்சானியாவில் 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். பெரிய இனக்குழு எதுவும் தன் மொழியை மற்றவர் தலையில் கட்டவில்லை. கடற்கரையின் சுவாஹிலி எல்லோருக்கும் பொதுவாக நின்றது. ஜூலியஸ் நைரேரே நாட்டை ஆண்டுகொண்டே ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரையும் வெனிஸ் வணிகனையும் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். இந்த மொழியால் முடியாதது எதுவுமில்லை என்று ஒரு குடியரசுத் தலைவரே உழைத்துக் காட்டியதை நான் வெகுவாக மதிக்கிறேன்.

அதே நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை சுவாஹிலியில் படிக்கிறது. இடைநிலைப் பள்ளியில் கால்வைத்த அன்றே இயற்பியல் முதலான பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. வீட்டில் ஆங்கிலம் புழங்காத பிள்ளை விடை தெரிந்தும் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர்கள் பாடத்தைச் சுவாஹிலியில் விளக்கிவிட்டு, கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதிப்போடுகிறார்கள். எல்லா நிலையிலும் சுவாஹிலி என்று 2014ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை பேசியது, வகுப்பறை மாறவில்லை. தமிழ்வழிக் கல்விக்காக வாதாடிய யாருக்கும் எதிர்த்தரப்பின் பதில்கள் மனப்பாடம்: கலைச்சொல் இல்லை, வேலை கிடைக்காது, உலகம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. 1967 முதல் சுவாஹிலிக்காகவே ஒரு தேசிய மன்றம் இயங்கும் நாட்டில், கலைச்சொல் இல்லை என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. மனமிருந்தால் நடக்கும் என்பதற்கு அங்கேயே சான்று இருக்கிறது. 2021இல் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்ற மொழியாகச் சுவாஹிலியைக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. சுவாஹிலியின் நிழலில் அந்த 120 இனக்குழுக்களின் மொழிகள் வாடுகின்றன. பாடமொழியாக அவற்றுக்கு இடமே இல்லை. ஆங்கிலத்திடம் சுவாஹிலி கேட்கும் நியாயத்தை, சுவாஹிலியிடம் அந்த மொழிகள் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

சான்சிபாரில் பிறந்த நாவலாசிரியர் அப்துல்ரசாக் குர்னாவுக்கு 2021இல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. தாய்மொழி சுவாஹிலி, எழுதுவது ஆங்கிலம். 1994இல் வெளியான அவருடைய 'பாரடைஸ்' நாவல், 'பெபோனி' என்ற பெயரில் சுவாஹிலிக்கு வந்தது பரிசுக்குப் பிறகு, 2022இல்தான். இருபத்தெட்டு ஆண்டுகள்! அந்தத் தீவின் பிள்ளைகள் இனி அதைத் தம் மொழியில் படிக்கலாம். அடுத்த ஜூலை 7 அன்று தலைவர்கள் மேடையேறும்போது, இடைநிலைப் பள்ளி அறிவியல் புத்தகம் எந்த ஆண்டில் சுவாஹிலியில் வரும் என்று தேதியோடு அறிவிக்கட்டும். அந்த உரையை நான் முழுவதும் கேட்பேன்.