ஹார்டனரைக் கூட்டினால் எபாக்ஸி சீக்கிரம் இறுகாது

மரத்தில் செய்த லூருக்கு, அதாவது மீன் பிடிக்கும் பொய் இரைக்கு, மேலே கிளியர் கோட்டாக (நிறமற்ற மேல்பூச்சாக) அடிப்பது எபாக்ஸி. ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பூச்சு அது. "மர லூருக்கு எபாக்ஸி கிளியர் கோட் அடிக்கும்போது ஹார்டனரை நாலு சொட்டு கூட விட்டால் சீக்கிரம் காயும்" என்று சொல்வது தவறு, நண்பரே. அந்தக் கணக்கு பாலியெஸ்டர் ரெசின் என்ற வேறு வகைப் பிசினுக்கு. அங்கே விடுவது வினையைத் தொடங்கிவைக்கும் பொருள், நூற்றுக்கு 1–2 பங்குதான். எபாக்ஸியில் ஹார்டனரே ரெசினோடு சேர்ந்து பூச்சாக மாறுகிறது. சேர ஆளில்லாமல் மிஞ்சியது உள்ளேயே தங்கிவிடும். மேல்பரப்பு பிசுபிசுக்கும், நகத்தை வைத்தால் பள்ளம் விழும். எத்தனை நாள் வைத்திருந்தாலும் தேறாது, சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டியதுதான்.

டப்பாவில் 1:1 என்று கன அளவுக்குப் போட்டிருந்தால் தராசில் சம எடை போடாதீர்கள். ரெசின்தான் கனம், அதனால் ஹார்டனர் கூடிப்போகும். தனித்தனி சிரிஞ்சில் 3 மி.லி. வீதம் எடுத்து, கப்பின் அடியையும் ஓரத்தையும் வழித்து மெதுவாக 2 நிமிடம் கலக்குங்கள். பிறகு வேறு கப்புக்கு மாற்றி இன்னொரு முறை. ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருந்ததைத் தூரிகையில் எடுத்துவிட்டால் அங்கங்கே திட்டாகப் பிசுக்கு நிற்கும்.

வேகம் வேண்டுமா, சூடு கொடுங்கள். பல்பு போட்ட பெட்டிக்குள் 35 டிகிரி வாக்கில் லூரைச் சுழலவிட்டால் போதும். ஆனால் அதற்கு முன்பே மெல்லிய சீலர் கோட் அடித்து மரத்தை அடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மரத்துக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, கண் ஒட்டிய இடத்திலும் கொக்கி வளையத்தைச் சுற்றியும் குமிழ் குமிழாகக் கிளம்பும்.