நச்செள்ளை என்பது நஞ்சு அன்று

கடந்த ஞாயிற்றுக்கிழமை சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் நடந்த, என் மகளுக்குப் பெயர் வைக்கும் தொட்டில் விழாவைப் பற்றி உங்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். நான்கு நாட்கள் பேசாமல் இருந்தேன். தொலைபேசியில் அழைத்து அறிவுரை சொன்ன ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்லி அலுத்துவிட்டதால், எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் மகளின் பெயர் நச்செள்ளை. அந்தப் பெயரில் நஞ்சு இல்லை.

குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. அந்த உரிமையை மதித்துத்தான் என் நாத்தனாரின் மடியில் குழந்தையைக் கொடுத்தோம். தாளில் எழுதியிருந்த பெயரைப் பார்த்தவர், "பச்சப் புள்ள காதுல நஞ்சுன்னு சொல்லிப் பாவத்தைத் தேடிக்க மாட்டேன்" என்று கூறி, அத்தனை பேர் முன்னிலையில் குழந்தையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெயரை அன்றுவரை யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது எங்கள் தவறு, அதை ஒப்புக்கொள்கிறேன். முன்பே சொல்லியிருந்தால் அந்தத் தாளைப் பார்த்து அவர் திடுக்கிட்டிருக்க மாட்டார். கடைசியில் என் கணவரே பெயரைச் சொன்னார். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அது அவள் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

நச்சு, எள்ளை என்று பிரித்தால் யாருக்கும் அப்படித் தோன்றலாம். ஆனால் இந்தப் பெயர் பிரிவது அங்கே அன்று. செள்ளை என்பது பழந்தமிழ்ப் பெண்களின் பெயர். அதற்கு முன்னால் நிற்கும் 'ந' என்ற எழுத்து சிறப்பைக் காட்டுவது. கீரர் நக்கீரர் ஆனதும், பின்னை நப்பின்னை ஆனதும், பசலை நப்பசலை ஆனதும் அப்படித்தான். நச்சு என்றே பிரித்துப் பார்த்தாலும், நச்சுதல் என்றால் விரும்புதல் என்றொரு பொருள் உண்டு. நச்சினார்க்கினியர் என்ற பெயரை நஞ்சோடு சேர்த்து யாரும் இதுவரை படித்ததில்லை.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் சங்ககாலப் புலவர். கணவன் திரும்பி வருவான் என்பதற்கு அறிகுறியாகக் கரைந்த காக்கைக்கு, நள்ளி என்ற வள்ளலின் காட்டு ஆயர் தந்த நெய்யும் தொண்டியில் விளைந்த நெல்லின் சோறுமாக ஏழு கலங்களில் படைத்தாலும் அது சிறிதே என்று தோழி சொல்வதாக அவர் பாடியது குறுந்தொகையில் 210ஆம் பாட்டு. அந்தக் காக்கைதான் அவர் பெயரின் முன்னால் நிற்கிறது. சேர அரசர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய ஆறாம் பத்து அவருடையது. அணிகலன் செய்துகொள்ள கா என்ற நிறையில் ஒன்பது கா பொன்னும், காணம் என்ற பொற்காசு நூறாயிரமும் கொடுத்து, அரசன் அவரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான் என்கிறது அதன் பதிகம். ஒரு பெண் தன் சொல்லால் ஈட்டிய பொருள் அது. என் மகளுக்கு இதைவிட நல்ல பெயரை நான் எங்கே போய்த் தேடுவேன்?

"நம் பக்கத்தில் இல்லாத பெயர்" என்றார் ஒரு பெரியவர். நம் பக்கத்துப் பெயர்தான், ஐயா. கருவூரை ஆண்ட சேரரின் இரும்பொறை மரபில், பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்துக்குத் தலைவனான இளஞ்சேரல் இரும்பொறையைப் பெற்ற தாயின் பெயர் அந்துவஞ்செள்ளை. அதே மரபைச் சேர்ந்த பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வென்ற தகடூர்தான் இன்றைய தருமபுரி. அது 1965 வரை நம் சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது. செள்ளை கொங்கு மண்ணில் அரசியின் பெயராக இருந்தது. வெளியிலிருந்து வந்தவை எவை என்று கேட்டால், கடந்த இரண்டு ஆண்டுகளில் நம் உறவில் பிறந்த பெண் குழந்தைகளின் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அவற்றின் பொருளைப் பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன். இருவரால் சொல்ல முடிந்தது. நான் அந்தப் பெயர்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளின் காதில் பெயரைச் சொல்ல மறுத்து யாரும் எழுந்து போகவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

பள்ளியில் கேலி செய்வார்கள் என்ற அச்சம் எனக்கும் உண்டு. இதை எண்ணி உறங்காத இரவுகள் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளாகத் தமிழ் ஆசிரியையாக இருக்கும் எனக்கு, பிள்ளைகள் எதை வைத்துக் கேலி செய்வார்கள் என்பது தெரியும். நிறத்தை வைத்து, அப்பாவின் தொழிலை வைத்து, பல்லை வைத்துச் செய்வார்கள். பெயரை வைத்தும் செய்வார்கள். என் வகுப்பில் என் பெயரில் ஐந்து பேர் இருந்தோம். பத்தாம் வகுப்பு முடியும்வரை ஆசிரியர்களுக்கு நான் ஒரு தலைப்பெழுத்து மட்டுமே. அந்த வலி என் மகளுக்கு வராது என்று ஆறுதல் கொள்கிறேன். இது முழுமையான பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். பெயருக்கு எண்கணித சோதிடம் பார்த்தாயா என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"தமிழ் ஆசிரியை என்பதற்காகப் பிள்ளையைப் பாடப்புத்தகம் ஆக்குகிறாள்" என்று சொன்னவரின் சொல் என்னைச் சுட்டது. அதைவிடச் சுட்டது, பந்தியில் ஒருவர், "புள்ள நெறத்துக்குக் காக்கா பாடுனவ பேரு பொருத்தந்தான்" என்றதும், அதற்குச் சிலர் சிரித்ததும். ஐம்பது நாள் குழந்தையைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அப்போது எந்தப் பெரியவரும் பாவம் என்று சொல்லவில்லை.

ஒரு பெயருக்கா இவ்வளவு என்று கேட்கிறீர்கள். நீதிக்கட்சி 1944இல் தன் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்டது இதே சேலத்தில் கூடிய மாநாட்டில்தான். பெயர் வெறும் ஒலி அன்று என்பதை இந்த ஊருக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

என் அம்மாயியின் பெயர் போதும்பொண்ணு. சேர்வராயன் மலை அடிவாரத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவர். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தே பிள்ளைகளை வளர்த்தவர். 'இனிப் பெண் வேண்டாம்' என்று சாமியிடம் சொல்வதற்காக அவருக்கு வைத்த பெயரை, அவர் எழுபத்தெட்டு ஆண்டுகள் சுமந்தார். அறிவொளி இயக்கத்தில் இரவு வகுப்புக்குப் போனபோது, கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த பெண்ணிடம், "முன்னால இருக்கறத உட்டுட்டு எழுதலாமா கண்ணு?" என்று கேட்டாராம். அதன்பிறகு அவர் கையெழுத்து 'பொண்ணு' என்பது மட்டுமே. அந்தக் கையெழுத்து உள்ள ஒரு சீட்டை என் அம்மா பெட்டியில் வைத்திருக்கிறார். அந்தப் பெயரை அவர் காதில் சொல்வதற்கு எந்த அத்தையும் தயங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. வாய் கூசாமல் மூன்று முறை சொல்லியிருப்பார்கள்.

இந்த மாவட்டத்தில் தொட்டில் என்ற சொல்லுக்கே இன்னொரு பொருள் உண்டு. பெண் குழந்தைகளைக் கொல்லாதீர்கள், வேண்டாம் என்றால் இதில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது சேலத்தில்தான். அப்படித் தொட்டிலில் விடப்பட்டவர்கள் பெயர்கூட வைக்கப்படாத பெண்கள். அதற்கு முன்பு தொட்டிலுக்கும் வந்து சேராதவர்களுக்கு ஊட்டப்பட்டதுதான் நஞ்சு. எருக்கம்பால் அது, கள்ளிப்பால் அது. நஞ்சு என்ற சொல் அன்று என் வீட்டுத் தொட்டிலின் அருகில் ஒலித்தபோது எனக்கு ஏன் அப்படி நடுங்கியது என்று கேட்டவர்களுக்கு இதுதான் காரணம். இதை ஞாயிற்றுக்கிழமை என்னால் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தபோது பெயரில்லாமல்தான் செய்தோம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம் என்பதால், "இன்னும் காலம் இருக்கிறதே, யோசி" என்று என் மாமனார் கனிவாகவே சொன்னார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை நானும் கணவரும் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டோம். வளர்ந்து பதினெட்டு வயதான பிறகு அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால், அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொள்ளட்டும். அந்த உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு.

அண்ணி, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரியும். என் பிரசவத்தின்போது மூன்று இரவுகள் மருத்துவமனை வராந்தாவில் பாயில்லாமல் படுத்திருந்தவர் நீங்கள்; அதை நான் மறக்கவில்லை. தை மாதம் குலதெய்வக் கோயிலில் அவளுக்கு முதல் மொட்டை. மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்கியதும், அவளை முதலில் உங்களிடம்தான் கொடுப்பேன். முன்னால் இருக்கும் எழுத்து உங்கள் வாய்க்கு வராவிட்டால், அதை விட்டுவிட்டுச் செள்ளை என்று கூப்பிடுங்கள்.