ரோபோ சங்கருக்கு அஞ்சலி என்று பையன்களுக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் போனது 2025 செப்டம்பர் 18-ம் தேதி. 46 சாகிற வயதே இல்லை. அதற்குப் பிறகு நம்ம நீலகிரியில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் கோயில் விழா, எஸ்டேட் விழா நோட்டீஸ்களில் "அண்ணனுக்கு அஞ்சலி – ரோபோ நடனம்" என்று ஒரு வரி சேர்ந்துகொள்கிறது. சேரட்டும், நல்ல விஷயம்தான். மேடைக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. ஹார்டுவேர் கடையில் வாங்கிய அலுமினியம் பெயிண்ட் அரை லிட்டர், இரண்டு அங்குல பிரஷ், ஆட்டம் முடிந்ததும் கழுவ ஒரு பாட்டில் தின்னரோ மண்ணெண்ணெயோ. இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்டை ஒரு காலேஜ் பையன் முதுகில் இழுக்கிறார்கள்.

"அவரே அப்படித்தானே ஆடினார்" என்று பதில் வரும். ஆமாம். டிவிக்கு வருவதற்கு முன் ஊர் ஊராக மேடைகளில் உடம்பெல்லாம் உலோக நிறப் பூச்சோடு ஆடித்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. கிடைத்த கூலிக்குள் கிடைத்ததைப் பூசிக்கொண்டு ஆட வேண்டிய காலம் அது. அந்தப் பூச்சால்தான் இறந்தார் என்று ஆளாளுக்கு எழுதியதையும் படித்தேன். அந்த முடிச்சைப் போட நமக்கு உரிமையில்லை, அது வைத்தியம் பார்த்தவர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் இந்தப் பெயிண்ட் உடம்பில் படக்கூடாது என்று சொல்ல யாருடைய சாவும் சாட்சிக்கு வர வேண்டாம். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாலே போதும்.

உள்ளே இருக்கும் சரக்கு மூன்று. அலுமினியத் தூள், அதைப் பிடித்து நிறுத்தும் பிசின், இரண்டையும் இளக்கி வைக்கும் டர்பன்டைன் வகைக் கரைப்பான். எல்லோரும் தூளுக்குப் பயப்படுகிறார்கள். முதலில் கைவரிசையைக் காட்டுவது கரைப்பான்தான். தோலில் இயல்பாக இருக்கும் எண்ணெய்ப் பசையை அது உருவிவிடும். மேலே பிசின் காய்ந்து இறுகும். மறுநாள் முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தோல் சிவந்து எரிவது அதனால். தோல் மூச்சுவிட முடியாமல் ஆள் செத்துவிடுவான் என்பது மட்டும் வெறும் கதை. மூச்சு விடுவது நுரையீரல். தோலின் வேலை வியர்த்துச் சூட்டைத் தணிப்பது, அந்த வேலைதான் பூச்சுக்கு அடியில் நின்றுபோகிறது. இருபது நிமிடம் ஆடுகிற உடம்புக்கு அதுவே பெரிய தொல்லை.

நம்ம மலையில் இது இன்னும் மோசமாவதற்குக் காரணம் குளிர். கீழே சமவெளியில் மேக்கப் ரூம் என்பது நாலு கீற்றுத் தட்டி, காற்று பாட்டுக்கு வந்து போகும். இங்கே ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, ஒரே அறையில் ஆறு பேருக்குப் பூசுகிறார்கள். அரை மணி நேரத்தில் ஒருத்தனுக்குத் தலைவலி, இன்னொருத்தனுக்குக் குமட்டல். கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் சுற்றுகிறார்கள்! அது கரைப்பான் ஆவி, ஐயா. ஜன்னலைத் திறந்தால் போய்விடும். இதற்கு மேல் மூலையில் ஒரு கரி அடுப்பு வேறு. மூடிய அறையில் கரி புகைந்தாலே கார்பன் மோனாக்சைடு சேரும். ஊட்டி, கொடைக்கானல் லாட்ஜ்களில் கரி மூட்டிவிட்டுத் தூங்கி எழாமலே போனவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதே அடுப்புப் பக்கத்தில் தின்னர் பாட்டில் என்றால் என்ன சொல்வது.

பெயிண்ட் வேண்டாம் என்று கொஞ்சம் விவரமான சிலர் வெள்ளித் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைக்கிறார்கள். சமவெளிக்காரர் சொல்லிக்கொடுத்த வழி, இங்கே எடுபடாது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் சாயங்காலத்துக்கு மேல் அது பாட்டிலை விட்டே இறங்காது. அடுப்பில் காட்டி உருக்கிப் பூசுகிறார்கள். பூசிய கையோடு மறுபடி உறைந்து, தோளில் திட்டுத் திட்டாக நிற்கிறது. லைட் பட்டதும் ரோபோ தெரிவதில்லை, தேமல்தான் தெரிகிறது. அந்தத் தூளும் பெரும்பாலும் அலுமினியம்தான். காற்றில் பறந்தால் மூக்குக்குள் போகும், நெருப்புப் பட்டால் எரியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மேடை ஒப்பனைக்கென்று விற்கும் வெள்ளி நிறப் பூச்சு வாங்குங்கள். மினுமினுப்புக்கு மைக்கா சேர்த்தது, தோலுக்கென்றே செய்தது. கோவையில் ஒப்பனைச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஆன்லைனில் வரவழைக்கலாம். முதுகு, வயிறு எல்லாம் பூச வேண்டிய அவசியமே இல்லை. உடம்புக்கு வெள்ளி நிற லைக்ரா முழுக்கைச் சட்டையும் பேண்டும் போட்டுவிட்டால் முகம், காது, கழுத்து, மணிக்கட்டு வரை கை, இவ்வளவுதான் மிச்சம். ஆளுக்கு 20 மில்லி தாராளம். உள்ளே ஒரு பனியன் போட்டால் குளிரும் தாங்கும். வெற்றுடம்பில் பூசினால்தான் அண்ணன் மாதிரி இருக்கும் என்கிறவர்கள், பத்து டிகிரியில் வெற்றுடம்போடு ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குப் பூசி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தப் பையனுக்குப் பூச்சு கிடையாது, முகமூடிதான். விழா நாளில் முகம் கழுவித் துடைத்து மெல்லிய கிரீம் தடவுங்கள். புருவத்திலும் முடி தொடங்கும் ஓரத்திலும் வாசலின் வையுங்கள், இல்லாவிட்டால் துடைக்கும்போது முடியும் கூட வரும். இமை ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். பூச்சு இரண்டு மெல்லிய கோட். ஒரே கோட்டாகக் கனமாகப் போட்டால் வாயோரத்திலும் நெற்றியிலும் வெடிக்கும், ஏனென்றால் தடித்த பூச்சு தோலோடு இழுபடாது. ரோபோ சங்கர் பாணியில் ஆடுகிறவர்களுக்கு இது முக்கியம். இயந்திரமாக நின்ற முகம் ஒரு நொடியில் குறும்பாக மாற வேண்டும், அந்த இடத்தில் கன்னம் பாளம் பாளமாகப் பிளந்தால் ஜோக் போச்சு.

தண்ணீரில் குழைக்கும் வகையாக இருந்தால் நம்ம மூடுபனி ஈரத்தில் காய நேரமாகும். இரண்டு கோட்டுக்கும் நடுவே பத்து நிமிடமாவது விட வேண்டும். ஹேர் டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். எண்ணெய் வகையாக இருந்தால் அது காயாது, மேலே பவுடர் ஒற்றினால்தான் நிற்கும். ஜிகினா மட்டும் வேண்டவே வேண்டாம். கண்ணில் விழுந்தால் விழியைக் கீறும். தவிர அது அப்பட்டமான பிளாஸ்டிக். கடைக்காரர் கேரி பேக் கொடுத்தால் அபராதம் போடுகிற மாவட்டத்தில், மேடை முழுக்கப் பிளாஸ்டிக் தூளைக் கொட்டிவிட்டு வருவது என்ன நியாயம்?

கழுவும் இடத்தில்தான் எல்லாம் கெடுகிறது. மண்ணெண்ணெய்ப் பக்கம் கை போவதற்குக் காரணமே வெந்நீர் இல்லாததுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரில் எண்ணெய்ப் பூச்சு இறுகுமே தவிர இறங்காது. எரிச்சலில் பையன் தின்னரைத் தேடுவான். அதனால் இரண்டு பேருக்கு இருபது லிட்டர் வெந்நீர் என்று கணக்கு வைத்து அண்டாவில் போட்டுவிடுங்கள். மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் கிடைக்கும், குளிரிலும் உறையாது. இரண்டு ஸ்பூன் ஊற்றித் தேய்த்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியால் துடைத்து, திரும்ப ஒருமுறை அதையே செய்து, பிறகு சோப்பும் வெந்நீரும். தண்ணீர் வகைப் பூச்சுக்கு எண்ணெய்கூட வேண்டாம். துடைத்த துணியை அடுப்புப் பக்கம் போடாதீர்கள்.

ஆட்டத்துக்கு வருவோம். அஞ்சலி என்று சொல்லிவிட்டு வெறுமனே கையைக் கையை மடக்கினால் அவருக்குத்தான் அவமானம். ரோபோ ஆட்டத்தின் உயிர் அசைவில் இல்லை, நிறுத்தத்தில் இருக்கிறது. கை கிளம்பும்போது ஒரே சீரான வேகம், நிற்கும்போது சட்டென்று தசை இறுக வேண்டும். மோட்டாரை அணைத்த மாதிரி ஒரு நூலளவு பின்னுக்கு அதிர்ந்து நின்றால் கூட்டம் கைதட்டும். புதுசாகப் பழகுகிறவர்கள் வேகத்தைக் குறைத்துக் குறைத்து நிறுத்துவார்கள், பார்க்க நீச்சலடிக்கிற மாதிரி இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மூட்டுதான் நகர வேண்டும். தோள் நகர்ந்தால் முழங்கை பூட்டியிருக்க வேண்டும், முழங்கை நகர்ந்தால் மணிக்கட்டு. கண் தனியாக ஓடக்கூடாது, தலை திரும்பினால்தான் பார்வையும் திரும்பும். இந்த ஒன்றில்தான் பாதிப்பேர் மாட்டுகிறார்கள், முன்வரிசையில் தெரிந்த முகத்தைக் கண்டதும் கண் போய்விடும். கண்ணாடி முன்னால் தினமும் இருபது நிமிடம், பாட்டே இல்லாமல், வாயால் எண்ணிக்கொண்டு பழக வேண்டும்.

நம்ம ஊருக்கென்று ஒரு எதிரி உண்டு, நடுக்கம். குளிரில் நடுங்கும் ரோபோவை யாரும் நம்ப மாட்டார்கள். மேடை ஏறும் முன் கால்மணி நேரம் ஸ்கிப்பிங்கோ உட்கார்ந்து எழுவதோ செய்து உடம்பைச் சூடாக்கி, மேலே ஜெர்கினோடு ஓரத்தில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்ட பிறகுதான் ஜெர்கின் கழற்றுவது.

உடம்பு இவ்வளவு தூரம் கையில் வந்த பிறகுதான் மிமிக்ரி. விஜய் டிவியில் 'கலக்கப்போவது யாரு', 'அது இது எது' பார்த்தவர்களுக்குத் தெரியும், அவருக்குக் குரல் மட்டும் சரக்கு இல்லை. அந்தப் பெரிய உடம்பு மொத்தமும் அந்த நடிகராக மாறும். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில், நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தவர்கள் சிரித்தது அதற்குத்தான். கோயில் மேடையில் நடுங்கிக்கொண்டு ஆடுகிறவன் வாழ்க்கை என்னவென்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருடைய இறுதி ஊர்வலத்தில் அவர் மனைவி ஆடியதை வைத்துச் சிலர் குறை சொல்லி எழுதியதையும் சொல்லாமல் விட முடியாது. மேடையில் வாழ்ந்த குடும்பம், ஆடி அனுப்பிவைத்தது. நீலகிரியில் இருந்துகொண்டு அதற்கு முகம் சுளிப்பவர்களைத்தான் புரியவில்லை. படகர் சாவுகளில் இசை வைத்துச் சுற்றி ஆடுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். கோத்தர்களின் கொம்பும் கொட்டும் இல்லாமல் இந்த மலையில் பெரிய சாவுகள் ஒரு காலத்தில் நடந்ததே இல்லை. தொதவர் சடங்கிலும் ஆட்டம் உண்டு. கீழே பறை இல்லாத சாவு எது? துக்கத்துக்கு ஒரே முகம்தான் என்று இந்த மலையில் யாரும் சொன்னதில்லை.

மேடை விஷயம் கொஞ்சம். பலகையில் பனி இறங்கிவிடும், வழுக்கி நடக்கிற ஸ்டெப்பில் கால் பறக்கும். நிகழ்ச்சி வரை தார்ப்பாய் மூடி வைத்து, கடைசியில் எடுத்து உலர்ந்த துணியால் துடையுங்கள். லைட் இரண்டு பக்கமும் சரிவாக வரட்டும். நேர் எதிரே அடித்தால் வெள்ளி முகம் வெறும் வெளிச்சத் தட்டாகிவிடும். பளிச் பளிச் என்று வெட்டும் ஸ்ட்ரோப் லைட்டைப் போடாதீர்கள். அதில் நான் ஆடினாலும் ரோபோ மாதிரிதான் தெரியும், பையன் உழைப்பு வீண். புகை மெஷினுக்கு வாடகை எதற்கு? ஏழு மணிக்கு மேல் நம்ம ஊரே புகைதான். சட்டையில் எல்.இ.டி. மாட்டினால் பேட்டரியில் மாட்டுங்கள், ஈர மேடையில் கரண்ட் ஒயரை இழுத்துக்கொண்டு யாரும் ஆடக்கூடாது.

கடைசியாக நேரம். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். எட்டு மணிக்கு ரோபோ ஆட்டம் என்று போட்டு, முகமும் கையும் பூச முக்கால் மணி நேரம் என்று ஏழேகாலுக்கே பையனை உட்கார வைத்துவிடுகிறீர்கள். சிறப்பு விருந்தினர் கார் மலைப்பாதையில் காட்டேரி என்ற ஊர் வளைவில் நிற்கிறது, வந்த பிறகு பொன்னாடை, வந்த பிறகு வரவேற்புரை, அதற்குள் மணி ஒன்பதரை. இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளை சாயாகூடக் குடிக்க முடியாமல், மூக்கைச் சொறிய முடியாமல் ஓரத்தில் நிற்கிறான். விருந்தினர் மைக்கைப் பிடித்த பிறகு பூச ஆரம்பியுங்கள். அவர் முடிப்பதற்குள் மூன்றாவது கோட்டே காய்ந்துவிடும்.